நாய் கூலண்ட்டை நக்கிவிட்டால்: தெளிந்த பிறகும் ஏன் உடனே கிளம்ப வேண்டும்

நீங்கள் எழுதியிருப்பதன் சுருக்கம் இது. ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போன கார் மலையேறும்போது சூடாகியிருக்கிறது. வழியில் கூலண்ட் வாங்கி ஊற்றி, சுற்றிப் பார்த்துவிட்டு, இரவு அஸ்தம்பட்டி வீட்டுப் போர்டிகோவில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்கள். வீட்டில் வளரும் 15 கிலோ எடையுள்ள நாட்டு நாய் காருக்கடியில் தேங்கிக் கிடந்த பச்சைத் தண்ணீரை நக்கியதை உங்கள் மகன் பார்த்திருக்கிறான். சிறிது நேரத்தில் ஒரு முறை வாந்தி எடுத்து, கால்கள் பின்ன நடந்து, பிறகு படுத்துத் தூங்கிவிட்டது. காலையில் எழுந்து வாலாட்டுகிறது. தண்ணீர் மட்டும் வழக்கத்தைவிட அதிகமாகக் குடிக்கிறது. இனிக் கவலையில்லை என்று விட்டுவிடலாமா என்பது உங்கள் முதல் கேள்வி. குளிர் நாடுகளில் ரேடியேட்டர் உறையாமலிருக்க ஊற்றும் ஆன்டிஃப்ரீஸ் விஷம் சேலத்தில் நாய்க்கு எப்படிப் போய்ச் சேரும், ஊற்றியது போக மிச்சமிருக்கும் அரை பாட்டிலை என்ன செய்வது என்பவை மற்ற இரண்டு.

முதல் கேள்விக்கு விடை, விட்டுவிடக் கூடாது என்பதே. இதைப் படித்து முடிக்கும்வரை கூடக் காத்திருக்காமல், வீட்டில் ஒருவர் நாயை வண்டியில் ஏற்றட்டும். கூலண்ட் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். போகிற வழியிலேயே மருத்துவருக்குத் தொலைபேசியில், "எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலண்ட், இத்தனை மணிக்கு நக்கியது" என்று இரண்டையும் சொல்லிவிடுங்கள். மீதியை அங்கே காத்திருக்கும்போது படிக்கலாம்.

அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. கூலண்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் ஒருவகை ஆல்கஹால். குடலிலிருந்து வேகமாக இரத்தத்தில் கலந்து, முதலில் அது செய்வதெல்லாம் சாராயம் செய்வதைத்தான்: தள்ளாட்டம், வாந்தி, மந்தம், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர். நக்கிய அரை மணியிலேயே தொடங்கக்கூடிய இந்தக் கட்டம் ஏறத்தாழ 12 மணி நேரம்வரை நீடிக்கும். பிறகு போதை தெளிகிறது. நாய் எழுந்து நடக்கிறது, சில சமயம் சாப்பிடவும் செய்கிறது. வீட்டார் நிம்மதி அடைவது இந்த நேரத்தில்தான். ஆனால் போதை தெளிந்தது விஷம் வெளியேறியதால் அல்ல. கல்லீரல் அதை வேறு பொருளாக மாற்றிக்கொண்டிருப்பதால். ஆல்கஹால் டீஹைட்ரோஜினேஸ் என்னும் நொதி எத்திலீன் கிளைக்காலை முதலில் கிளைக்கோஆல்டிஹைடாக ஆக்குகிறது; அது பின்னர் வேறொரு நொதியால் கிளைக்காலிக் அமிலமாகிறது; அதிலிருந்து கிளையாக்ஸிலிக் அமிலமும், கடைசியில் ஆக்ஸாலிக் அமிலமும் உண்டாகின்றன. கிளைக்காலிக் அமிலம் சேரச்சேர இரத்தம் அமிலமாகிறது. 12 மணியிலிருந்து 24 மணிக்குள் மூச்சும் நாடித்துடிப்பும் வேகமாவது இதனால்தான். நாய் வெயிலுக்கு இளைக்கிறது என்று இந்த அறிகுறியைக் கவனியாமல் விட்டுவிடுவது மிக எளிது. ஆக்ஸாலிக் அமிலமோ இரத்தத்திலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து, சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் ஊசி ஊசியான படிகங்களாகப் படிகிறது. நுண்குழாய்ச் சுவரின் செல்களை இந்த அமிலங்களும் படிகங்களுமாகச் சேர்ந்து அழிக்கின்றன. நாய்களில் பெரும்பாலும் 36 முதல் 72 மணிக்குள் சிறுநீர் குறைந்து, பின்பு நின்று, வாந்தி மீண்டும் தொடங்கி, வாயில் புண் கண்டு, சிறுநீரகம் வீங்கி இடுப்பைத் தொட்டாலே வலியில் முனகும் நிலை வருகிறது.

ஆகவே சிகிச்சை பலிக்கும் நேரம் நாய் வெறுமனே "மப்பாக" இருக்கும் நேரம்; நோயாளி போலத் தோன்றும் நேரம் அல்ல. மாற்று மருந்தான ஃபோமெபிஸோல் அந்த நொதியைத் தடுத்து, எத்திலீன் கிளைக்கால் மாறாமல் அப்படியே சிறுநீரில் வெளியேற வழி செய்கிறது. நாய்க்கு அதை 8 மணி நேரத்துக்குள் தொடங்கிவிட்டால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. உங்கள் நாய்க்கு அந்த நேரம் கடந்திருக்கலாம். ஆனாலும் மாறாத கிளைக்கால் உடம்பில் மிச்சமிருந்தால் மருந்துக்கு இன்னும் வேலை இருக்கிறது, அமிலத்தைச் சரிசெய்யவும் சிறுநீர் ஓட்டத்தைக் காக்கவும் டிரிப்ஸ் ஏற்றும் சிகிச்சைக்கும் வேலை இருக்கிறது. "நேரம் போய்விட்டது, இனி எதற்கு" என்று வீட்டார் தாமாகவே தீர்ப்பு எழுதிக்கொள்ளக் கூடாது.

மருந்தைப் பற்றி உள்ளபடியே சொல்கிறேன். ஃபோமெபிஸோல் அமெரிக்காவில் நாய்களுக்கென 1996-லேயே அனுமதி பெற்ற மருந்து. முதல் ஊசிக்குப் பின் 12, 24, 36 மணிகளில் தொடர்ந்து போட வேண்டியது. நம் ஊர்க் கிளினிக்கின் அலமாரியில் அது இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். இங்கே மருத்துவர் கையில் இருக்கக்கூடிய மாற்று, தூய எத்தனால். அந்த நொதி எத்திலீன் கிளைக்காலைவிட எத்தனாலையே அதிகம் விரும்பிப் பற்றும் என்பதால், அளவாக நீர்த்த எத்தனாலை நரம்பு வழியாக மணிக்கணக்கில் கொடுத்து நொதியை அதிலேயே ஈடுபடுத்தி வைப்பார்கள். இதைக் கேட்டதும், வீட்டில் இருக்கும் பிராந்தியை வாயில் ஊற்றினால் போதாதா என்று யாராவது ஒருவர் கேட்பார். கூடவே கூடாது. ஏற்கெனவே போதையிலிருக்கும் நாய்க்கு மேலும் போதை ஏற்றுவது மூச்சையே அடக்கிவிடும். விழுங்கும் அனிச்சை குறைந்திருக்கும்போது வாயில் ஊற்றியது நுரையீரலுக்குப் போகும். நாயின் எடைக்கும் இரத்த அளவுக்கும் ஏற்ப ஊசியில் கணக்கிட்டுத் தருவதும் டம்ளரில் ஊற்றுவதும் ஒன்றல்ல.

வீட்டு வைத்தியங்களில் மற்றவையும் இதே வகைதான். உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது, உப்பே விஷமாகிச் சோடியம் ஏறி வலிப்பில் கொண்டுபோய் விடக்கூடிய பழக்கம். அடுப்புக்கரியும் சரி, மருத்துவமனையின் செயலூட்டிய கரியும் சரி, எத்திலீன் கிளைக்காலை உருப்படியாகப் பிடித்து வைப்பதில்லை. பாலும் முட்டையும் நேரத்தைத் தின்பதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. வாந்தி எடுக்க வைப்பது குடித்த ஓரிரு மணிக்குள், நாய் முழுத் தெளிவோடு இருக்கும்போது, மருத்துவர் ஊசி போட்டுச் செய்ய வேண்டியது. தண்ணீரை மட்டும் மறுக்காதீர்கள். தாகம் எடுக்கும் நாயிடமிருந்து கிண்ணத்தை எடுத்து வைப்பது சிறுநீரகத்துக்கு இன்னொரு கேடு.

எங்கே போவது என்பதும் சேலத்துக்காரர்கள் முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டிய விஷயம். நகருக்குள் பக்கத்திலிருக்கும் கால்நடை மருத்துவரிடம் முதலில் போய் டிரிப்ஸ் தொடங்கிவிட்டு, தேவைப்பட்டால் அங்கிருந்து பரிந்துரையோடு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ தலைவாசல் கூட்டுரோட்டிலுள்ள கல்லூரிக்கோ போகலாம். முற்றிய நிலையில் நாய்க்கு டயாலிசிஸ் செய்யும் வசதி சென்னை வேப்பேரிக் கல்லூரியில் உண்டு. ஆனால் அது ஓர் இரவுப் பயணத் தொலைவு. ஏற்காட்டு எஸ்டேட்டுகளில் இருப்பவர்களுக்குக் கணக்கு இன்னும் கடினம். இரவு பத்து மணிக்கு நாய் நக்கியது தெரிந்து, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தால், மலையிறங்கி மருத்துவரைப் பார்ப்பதற்குள் அந்த 8 மணி நேரமும் தீர்ந்திருக்கும்.

மருத்துவரிடம் நீங்கள் கேட்டு வாங்க வேண்டிய பரிசோதனை ஒன்று உண்டு. முதல் நாள் இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு) மட்டும் பார்த்துவிட்டு "நார்மல், கூட்டிப் போங்கள்" என்று அனுப்பப்பட்டால் அதில் ஆறுதல் அடையாதீர்கள். சிறுநீரகம் பெரும்பகுதி பழுதான பிறகே கிரியாட்டினின் ஏறும், இந்த விஷத்தில் அதற்கு ஒன்றிரண்டு நாள் ஆகும். சிறுநீரை நுண்நோக்கியில் பார்ப்பதுதான் முந்திச் செய்தி சொல்லும். கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் நாயின் சிறுநீரில் ஏறத்தாழ 6 மணி நேரத்திலேயே தோன்றத் தொடங்கலாம். சாதாரணமாகச் சிறுநீரில் காணப்படும் ஆக்ஸலேட் படிகம் கடித உறை வடிவில், நாற்கோணத்துக்குள் குறுக்குக் கோடுகளோடு இருக்கும். இந்த விஷத்தில் வருபவை பெரும்பாலும் நீண்டு, இருமுனையும் கூரிய, வேலியின் கம்பு போன்ற மோனோஹைட்ரேட் படிகங்கள். வாடிக்கையாக எண்ணிப் போகும் ஆய்வகர் அவற்றைக் கவனியாமல் கடந்துவிடக்கூடும் என்பதால், எதைத் தேடுகிறோம் என்று சொல்லியே மாதிரியைக் கொடுக்க வேண்டும்.

இன்னொரு சோதனை கடைத்தெருவிலேயே கிடைக்கும். பல கூலண்ட்டுகளில் கசிவைக் கண்டுபிடிப்பதற்காக ஃபுளோரசீன் என்ற சாயம் சேர்க்கிறார்கள். புற ஊதா ஒளியில் அது பச்சையாக ஒளிரும். கள்ளநோட்டு பார்க்கும் நீல விளக்கை இருட்டில் நாயின் மூக்கு, முன்கால் பாதம், வாந்தி, முதல் 6 மணி நேரத்துச் சிறுநீர் ஆகியவற்றின் மேல் காட்டினால் ஒளிர்வது தெரியலாம். தெரிந்தால் அது நல்ல ஆதாரம். தெரியாவிட்டால் அதிலிருந்து எந்த முடிவுக்கும் வராதீர்கள், எல்லாக் கூலண்ட்டிலும் அந்தச் சாயம் இல்லை.

யாரும் பார்க்காமல் நாய் குடித்திருந்தால் நோயைக் கண்டறிவது நம் ஊரில் இரட்டிப்புச் சிரமம். தள்ளாடி வாந்தி எடுக்கும் நாயைப் பார்த்ததும் பூச்சிமருந்து, எலிமருந்து, பாம்புக்கடி, டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோய் ஆகியவை மருத்துவரின் நினைவுக்கு முதலில் வரும், வரவும் வேண்டும். சிறுநீரகம் கெட்ட நாயைப் பார்த்தால் எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரா காய்ச்சல்தான் முதல் சந்தேகம். கூலண்ட் அந்தப் பட்டியலில் ஏறுவதே வீட்டார் சொன்னால்தான். ஒரு எச்சரிக்கையும் சேர்த்துக்கொள்கிறேன்: எச்சில் வடிய, தடுமாறி நடக்கும் நாய், குறிப்பாகத் தடுப்பூசி வரலாறு தெரியாத தெருநாய், வெறிநோய் கண்டதாகவும் இருக்கலாம். வெறுங்கையை வாய்க்குள் விட்டுப் பார்க்கும் துணிச்சல் வேண்டாம்.

எவ்வளவு குடித்தால் ஆபத்து என்ற கேள்விக்கு எண்ணாகவே விடை இருக்கிறது. கலக்காத எத்திலீன் கிளைக்கால், நாயின் ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 4.4 முதல் 6.6 மில்லி போனாலே உயிரைப் பறிக்கும். உங்கள் 15 கிலோ நாய்க்கு அதன் கீழ் எல்லை 66 மில்லி. தண்ணீரோடு சரிபாதி கலந்ததாக இருந்தால் 130 மில்லிக்குச் சற்று மேல், அதாவது ஒரு டீ டம்ளர் அளவு. தரையில் நக்கியது அவ்வளவு இருக்காது என்று தோன்றலாம். ஆனால் உங்கள் நாய் வாந்தி எடுத்துத் தள்ளாடியிருக்கிறது, போதை காணும் அளவுக்கு உள்ளே போயிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. பூனைக்குக் கணக்கு இன்னும் மோசம்: கிலோவுக்கு ஏறத்தாழ 1.4 மில்லிதான். மூன்று கிலோ பூனை கூலண்ட்டில் மிதித்துவிட்டுப் பாதத்தை நக்கிச் சுத்தம் செய்தாலே அந்த எல்லையை நெருங்கிவிடலாம். மாற்று மருந்துக்கான அவகாசமும் அதற்குச் சுமார் 3 மணி நேரம்தான்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ஏற்காட்டில் மார்கழிப் பனியில்கூட ரேடியேட்டர் உறைவதில்லை என்பது உண்மை. ஆனால் உறையாமல் காக்கும் அதே திரவம்தான் எளிதில் கொதிக்காமலும் உள்ளே துருப்பிடிக்காமலும் காக்கிறது. 1,500 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 95 டிகிரி அருகிலேயே கொதித்துவிடும். சரிபாதி கலந்த கூலண்ட் தரைமட்டத்தில் 107 டிகிரி அளவில்தான் கொதிக்கும், அழுத்த மூடியின் கீழ் அதற்கும் மேலே போகும். மலைப்பாதையில் ஓடும் வண்டிக்கு இது அவசியப் பொருள். எனவே வெளிநாட்டார் ஆன்டிஃப்ரீஸ் என்று எச்சரிப்பது முழுக்க முழுக்க நம் கூலண்ட் பாட்டிலைப் பற்றியதே.

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். ஆள் நிறைந்த கார், ஏசி ஓட, முதல் இரண்டு கியர்களிலேயே ஊர்ந்து ஏறுகிறது. விடுமுறை நாளென்றால் வளைவுக்கு வளைவு நின்று நின்று போக வேண்டும். வெப்பமுள் மேலேறுகிறது, பானெட்டைத் திறந்தால் ஆவி. பொறுமையில்லாதவர் ஈரச் சாக்கைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகுவார். உள்ளிருந்த பச்சை நீர் பீறிட்டு வந்து முன்சக்கரத்தடியில் கொட்டி, சாலையோர வடிகாலில் போய்த் தேங்கும். அதைக் குடிக்க அங்கே டீக்கடை நாய்களும் இருக்கின்றன, குரங்குகளும் இருக்கின்றன. வண்டிக்காரர் பாட்டில் தண்ணீரையோ புதுக் கூலண்ட்டையோ ஊற்றிக்கொண்டு போய்விடுகிறார். சூட்டில் தளர்ந்த ஹோஸ் இணைப்பு வீடு வந்த பிறகும் சொட்டிக்கொண்டே இருக்கும். உங்கள் போர்டிகோவில் நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

கோடையில் இதற்கு இன்னொரு வழியும் உண்டு. ஏசி போட்டு வந்த காருக்கடியில் தண்ணீர் சொட்டும். அது வெறும் நீர், அதனால் தீங்கில்லை. ஆனால் வெயிலில் அலையும் நாய் காருக்கடியில் நிழலும் நீரும் ஒருசேரக் கிடைப்பதைக் கற்றுக்கொண்டுவிடுகிறது. அந்த இடத்தில் ஒருநாள் கூலண்ட் தேங்கினால் அதையும் அதே பழக்கத்தில் நக்கும், சுவையோ இனிப்பு. ஏசி நீர் நிறமற்றது, விரலால் தொட்டால் தண்ணீராகவே இருக்கும், சற்று நேரத்தில் காய்ந்துவிடும். கூலண்ட் வழவழக்கும், சாயம் தெரியும், காயாது. காயாது என்பதில்தான் வஞ்சகம் இருக்கிறது: அதிலுள்ள தண்ணீர் ஆவியாகப் போக, கிளைக்கால் தரையிலேயே நின்றுவிடுவதால், நேற்றுக் கொட்டிய குட்டை இன்றைக்கு அளவில் சிறியதாகவும் விஷத்தில் செறிவாகவும் இருக்கிறது. பச்சை, சிவப்பு, ஆரஞ்சு, நீலம் என்று நிறம் எதுவானாலும் ஆபத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

ஆனால் எனக்கு மலைப்பாதையைவிட ஒர்க் ஷாப்புகளே அதிக அச்சம் தருகின்றன. பழைய கூலண்ட்டை வடிப்பதற்கு, பக்கவாட்டில் அறுத்த ஐந்து லிட்டர் ஆயில் கேனைத்தான் வண்டிக்கடியில் வைப்பார்கள். வேலை முடிந்ததும் அந்தக் கேன் சுவரோரமாக நகர்த்தப்படும், நாய்க்கு வாய் வைக்கத் தோதான உயரத்தில். சாயங்காலம் சாக்கடையில் கொட்டுகிறவர்களும் உண்டு, மறந்துவிடுகிறவர்களும் உண்டு. ஷெட்டைக் காவல் காக்கும் நாயே அதற்கு முதல் பலியாகிறது. இரவெல்லாம் லாரிகள் நின்று போகும் ஊரில் இப்படிப்பட்ட கேன்கள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கவே தயக்கமாக இருக்கிறது. பிரேக் ஆயிலும் கிளைக்கால் குடும்பத்துப் பொருள்தான் என்பதால் அந்த டப்பாவையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

பாட்டிலில் "கசப்பூட்டப்பட்டது" என்று போட்டிருந்தாலும் அசட்டையாக இருக்க வேண்டாம். டெனடோனியம் பென்சோயேட் என்ற கடுங்கசப்புப் பொருளைக் கலப்பதை அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 1991-லேயே சட்டமாக்கியது. குழந்தைகள் அதிகம் விழுங்காமல் தடுக்க அது உதவக்கூடும். தாகத்தில் இருக்கும் நாய் கசப்பை உணர்வதற்கு முன்பே பல மிடறு குடித்திருக்கும். புரோப்பிலீன் கிளைக்கால் கொண்ட கூலண்ட் கிடைத்தால், வண்டிக்குப் பொருந்துமா என்று மெக்கானிக்கிடம் கேட்டு அதற்கு மாறலாம். அதுவும் குடிக்கத் தக்கதல்ல என்றாலும் நச்சுத்தன்மை மிகவும் குறைவு, சிறுநீரகத்தில் இந்தப் படிகங்களை உண்டாக்குவதில்லை. இருமல் மருந்துச் சாவுகளில் செய்திகளில் அடிபட்ட டைஎத்திலீன் கிளைக்கால் இந்த இரண்டிலிருந்தும் வேறான பொருள். அதுவும் சிறுநீரகத்தைத்தான் அழிக்கிறது, ஆனால் வேறு வழியில்.

மிச்சமிருக்கும் அரை பாட்டிலுக்கு வருவோம். மருத்துவரிடம் காட்டிய பிறகு அதை அதன் சொந்த பாட்டிலிலேயே, மூடியை இறுக்கி, நாயோ குழந்தையோ எட்டாத அலமாரியில் வையுங்கள். மினரல் வாட்டர் பாட்டிலில் மாற்றி டிக்கியில் போட்டு வைக்கும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். மனித உடம்பிலும் அதே நொதிதான் இருக்கிறது, அதே படிகங்கள்தான் படியும். போர்டிகோவைக் குழாய் நீரால் அடித்து விடாதீர்கள், அது வாசல் பள்ளத்தில் போய்த் தேங்கி அடுத்த வீட்டு நாய்க்குப் போகும். மணலையோ மரத்தூளையோ கொட்டி ஊறவிட்டு, கூட்டி அள்ளி, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிய பிறகு, சோப்புத் தண்ணீர் விட்டு இரண்டு முறை தேய்த்துக் கழுவுங்கள். நாயின் பாதத்தையும் முகவாயையும் கழுவித் துடையுங்கள். கசிவைச் சரிசெய்யும்வரை காருக்கடியில் ஓர் அட்டையை விரித்து வைத்தால், எந்த இடத்தில் சொட்டுகிறது என்பது மெக்கானிக்குக்கும் தெரியும். ஆனால் அதுவரை நாயைப் போர்டிகோவில் விடக் கூடாது. மருத்துவமனையிலிருந்து திரும்பிய பின்னும் மூன்று நாளைக்கு அது எத்தனை முறை, எவ்வளவு சிறுநீர் கழிக்கிறது என்று பார்த்துக் குறித்துவைத்து, தினம் ஒருமுறை கிரியாட்டினின் எடுக்கச் சொல்லுங்கள்.